மேட்டுக்கு இரண்டு நடை

மேற்கு கான்சஸின் வரலாறு அன்று பிற்பகல் புதிய பாதையில் திரும்பவிருப்பதாகக் கல்லூரித் தலைவர் டாக்டர் கார்லைல் ப்ரூயிட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்த மாபெரும் தருணத்துக்குச் சாட்சியாக நூறு பேர்கூட இல்லை. இருந்தவர்களிலும் பாதி எதிரணிப் பையன்களின் பெற்றோர். வரலாறு திரும்பிய திசை இதுதான்: அதுவரை பேஸ்பால் மைதானம் என்று அழைக்கப்பட்ட இடம் இனிமேல் வெர்லன் ஸ்டக்கி மைதானம் என்று அழைக்கப்படும். பலகையை மூடியிருந்த துணியைத் தலைவர் இழுப்பதற்குள் காற்றே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கோச் வெர்லன் ஸ்டக்கி தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். மனசுக்குள் ஏதாவது தோன்ற வேண்டுமே என்று கொஞ்சம் காத்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை. சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளக் கொட்டகையான டக்-அவுட்டுக்குள் போனார்.

கல்லூரியின் விளம்பரத் தாள்களில் அவர் மேஜர் லீக் நட்சத்திரம், ஜாம்பவான்களோடு தோளோடு தோள் சேர்ந்தவர். தோள் விஷயம் உண்மைதான். சின்ன லீக்குகளில் இளமையை பஸ்ஸிலேயே கழித்துவிட்டு, எவனோ கட்டைவிரலை உடைத்துக்கொண்ட புண்ணியத்தில் ஒரு கோடைக்காலம் மட்டும் மேலே, மேஜர் லீக்குக்குப் போனார். அங்கே ஜாம்பவான்களோடு ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருந்தார். எழுந்து ஆடியது கொஞ்சம். கட்டைவிரல் குணமானதும் இறக்கிவிட்டார்கள். அணிக்கு ஆள் பிடிக்கப் போகும் வீடுகளில் அப்பாக்கள் குரலைத் தாழ்த்தி, மேலே எப்படி இருந்தது என்று கேட்பார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவைப்பார்கள்.

அதன்பிறகு எல்லாம் இந்தக் கல்லூரிதான். கோச் என்றால் புல் வெட்ட வேண்டும், பஸ் ஓட்ட வேண்டும், மழை வந்தால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் பேஸ்பால்.

பிப்ரவரியில் தலைவர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, நல்ல காபியாகக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார். இந்த வருடம் மண்டலப் போட்டிக்குத் தகுதி பெற்றால் அணி இருக்கும். இல்லையென்றால் கலைத்துவிடுவதென்று நிர்வாகக் குழு முடிவு. அணியே இல்லாத இடத்தில் கோச் எதற்கு? அதே மூச்சில், மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதையும் சொன்னார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். வெர்லனும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சரி சொன்னார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. அறுபதைத் தாண்டிய பிறகு யாரும் கற்றுத்தரப் போவதுமில்லை.

ஆக, இது சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மண்டலப் போட்டி. எதிரணி கடைசி இன்னிங்ஸ் ஆட வந்தபோது வெர்லனின் அணிக்கு ஒரு ரன் முன்னிலை. மைதான நடுவிலுள்ள மண்மேட்டில் நின்று பந்தெறிந்த பிட்சர் கோல்பி ஆர்ச்சுலெட்டா. முதல் ஆளைச் சுலபமாக வீழ்த்தினான். இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் போதும்.

அப்போது தலைவர் டக்-அவுட்டுக்குள் இறங்கி வந்தார், பின்னாலேயே ஒரு புகைப்படக்காரப் பெண். நன்கொடையாளர் விருந்துக்கு அவர் உடனே கிளம்ப வேண்டுமாம்; பலகையின் மேல் வெளிச்சம் இப்போதுதான் பொன்னாக விழுகிறதாம். மேட்டில் கோச்சும் பிட்சரும், நடுவில் தானுமாக ஒரே ஒரு படம்.

"ஆட்டம் நடக்குது சார்," என்றார் வெர்லன்.

"அதுதான் அழகே, கோச். உயிரோட்டமா இருக்கும்."

மறுத்திருக்கலாம். மறுக்கக் கொஞ்சம் கோபமாவது வேண்டும். தேடிப் பார்த்தார், கைவசம் இல்லை. டைம் கேட்டுவிட்டு மேட்டுக்கு நடந்தார். தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், கோல்பி பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், படம் முடிந்தது. திரும்பும்போது அம்பயர் மெர்ல் காட் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இது ஒரு நடை. ஒரே இன்னிங்ஸில் கோச் இரண்டாம் முறை மேட்டுக்குப் போனால் பிட்சரை வெளியேற்றியே ஆக வேண்டும். இலையுதிர்காலத்தில் தான் எடுக்கும் பேஸ்பால் வகுப்பில் வெர்லனே இதைத் தேர்வில் கேட்பார். பையன்கள் பயப்படாமல் இருக்க முதல் கேள்வியாக வைப்பார்.

அடுத்த இரண்டு பேருக்கும் கோல்பி கண்டபடி எறிந்தான். நாலு பந்து தப்பாகப் போனால் முதல் பேஸ் இலவசம்; இருவரும் மட்டையைக்கூட வீசாமல் பேஸுக்கு நடந்து போனார்கள். கோல்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டு டக்-அவுட் பக்கம் பார்த்தான்.

பிட்சர் அப்படிப் பார்த்தால் கோச் போவார். அத்தனை வருடமாக அப்படித்தான். வெர்லனின் கால்கள் படியேறின. விதி ஞாபகம் வராமலில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்டது. வெள்ளைக் கோட்டை மிதித்தால் ராசியில்லை என்று அதன்மேல் கால் படாமல் தாண்டினார். ராசிக்கு ஒரு குறையும் வரவில்லை.

மெர்ல் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். இருபது வருடப் பழக்கம்.

"விரலக் காட்டினேனேய்யா. பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா வந்தே?"

வெர்லன் பந்துக்காகக் கையை நீட்டினார். கோல்பி கொடுக்கவில்லை.

"ஏன் கோச் வந்தீங்க?"

"நீ என்னப் பாத்தியேடா."

"உங்கள இல்ல கோச். பின்னாடி எங்கம்மா வந்துட்டாங்களான்னு பாத்தேன்."

பந்தைக் கோச்சின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

மற்ற பிட்சர்கள் முந்தைய நாள் ஆட்டத்திலேயே கை ஓய்ந்து கிடந்தார்கள். வலது மூலையில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஹூபர்ட் என்பவனை மேட்டில் ஏற்றினார். அவன் எறிந்த மூன்றாவது பந்து வேலியைத் தாண்டிக் கோதுமைக்குள் போனது. பேஸில் நின்ற இருவரும் அடித்தவனுமாக மூன்று ரன். பதிலுக்கு ஆடப் போன பையன்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட்டாகி வந்தார்கள். எதிரணி குதித்தது. நம்மவர்கள் பைகளைக் கட்டினார்கள். யாரும் கோச்சைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை உறைத்திருக்கும்.

விருந்திலிருந்து தலைவர் போன் செய்தார். படம் பிரமாதமாக வந்திருப்பதாகச் சொன்னார். ஸ்கோர் கேட்டார். ஓ, என்றார். நிர்வாகக் குழுவிடம் பேசுவதாகச் சொன்ன குரலும் அதே குரல்தான்.

வெர்லன் மண்வாரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். பிட்சர்களின் கால் பதிந்த பள்ளத்தில் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, தட்டிச் சமன் செய்தார். எப்போதும்போல அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக விட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கல்லூரியில் இப்போது பேஸ்பால் கிடையாது.