வாட மறுத்த செடிகள்

ஈரானின் அகராதியிலிருந்து வறட்சி என்ற சொல்லை இனி எடுத்துவிடலாம் என்று பர்ஹாம் அறிவித்தான். அறிவித்த இடம் கெர்மான் ஊரோரத்து வேளாண் கல்லூரியின் கண்ணாடிக் கூடம். கேட்டவர்கள் இருவர்: கூடப் படிக்கும் மஹ்னூஷ், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மஷ்தி நௌரூஸ்.

"மூணே மாசம். அப்புறம் மழையே வந்து நம்மகிட்ட வேலை கேக்கும்" என்றான், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல்.

எதிரே நாற்பத்தெட்டுத் தொட்டிகளில் பாத்ரஞ்பூயே நின்றது. எலுமிச்சை வாசம் வீசும் செடி. மனப் படபடப்புக்கு வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். பாதித் தொட்டிகளின் மண்ணில் வேரோடு கூடி வாழும் பூஞ்சையைக் கலந்திருந்தான். வேர் எட்டாத இண்டு இடுக்கிலும் அதன் இழைகள் நுழைந்து ஈரத்தை இழுத்து வரும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவில் அரைவயிற்றுத் தண்ணீர். பூஞ்சை இல்லாதவை வாட வேண்டும், உள்ளவை நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.

கோடை முடியும் ஷஹ்ரிவர் மாதக் கடைசிக்குள் இதை ஆய்வேடாக எழுதி ஒப்படைக்காவிட்டால் மாணவன் என்ற சலுகை முடியும். தலையை மழித்து இரண்டு வருஷம் கட்டாயப் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தலைமுடி விஷயத்தில் பர்ஹாம் மென்மையான மனம் படைத்தவன்.

மூன்று வாரம் போயிற்று. ஒன்றும் வாடவில்லை.

தராசை மாற்றினான். மண்ணைச் சலித்துப் பார்த்தான். பூஞ்சை தொட்டி விட்டுத் தொட்டி தாவியிருக்குமோ என்று வேரைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தான், தாவவில்லை. வாட வேண்டியவை மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றன. பல்லைக் கடித்துக் கடித்து அவனுக்குத் தாடை வலித்தது.

"அந்த இலையில நாலு பறிச்சுப் போட்டுக் குடி. படபடப்பு அடங்கும்" என்றாள் மஹ்னூஷ்.

"ஆய்வுச் செடிய யாராவது குடிப்பாங்களா?"

பிறகு ஒரு நாள், காலையில் தராசில் நிறுத்த தொட்டியை மாலையில் மறுபடி நிறுத்தான். எடை கூடியிருந்தது. வெயிலில் நின்று எடை போடும் செடியை உலகம் இன்னும் கண்டதில்லை. நேரே மஷ்தியிடம் போனான். வேளாண்மை படிக்கிற எல்லாரும் அவருக்கு இன்ஜினியர்தான்.

"மஷ்தி, தொட்டிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தலையே இன்ஜினியரே. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஆளுக்கு ஒரு வாய் குடுத்தேன்."

"எல்லாத்துக்குமா?"

"சேச்சே. தலை தொங்குனதுக்கு மட்டும். தண்ணி கிடைக்காம தாகத்தோட செத்தவங்களுக்காக அழுற முஹர்ரம் மாசம் நடக்குது. கண்ணு முன்னாடி ஒண்ணு தாகத்துல துவளுது, நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னுட்டு உக்காந்திருக்கவா?"

"செடிக்குத் தாகமெல்லாம் கிடையாது மஷ்தி. இலையில நீர் அழுத்தம் குறையுது, அவ்வளவுதான்."

"அத நாங்க தாகம்னு சொல்றோம்."

எந்தெந்தத் தொட்டி என்று மஷ்தி விரல் நீட்டினார். மஹ்னூஷ் எண்களைக் குறித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். "எல்லாமே பூஞ்சை இல்லாத தொட்டி. உன் பூஞ்சை ஜெயிச்சிருச்சு பர்ஹாம். என்ன, அதுக்குச் சாட்சி மஷ்தி மட்டும்தான்."

சாட்சியைப் பேராசிரியர் ஏற்கவில்லை. உபரியாக நட்டு வைத்திருந்த தொட்டிகளை வைத்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பர்ஹாம் கூடத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். 'இங்கே கருணை அனுமதிக்கப்படாது' என்று எழுதிக் கதவில் ஒட்டினான். சாப்பாட்டுக் கூடத்தில் மஷ்தி மாதிரியே தொட்டிக்கு முன் குனிந்து, "குடி கண்ணு, குடி" என்று நடித்துக் காட்டினான். மேசைகள் குலுங்கின. மஷ்தி அடுத்த மேசையில் தயிரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. பூஞ்சை உள்ள இருபத்துநாலும் பச்சையாக நின்றன. இல்லாத இருபத்துநாலும் வரிசையாகத் தலையைத் தொங்கப் போட்டன. வேண்டியது கிடைத்துவிட்டது. எரிச்சல் மட்டும் ஏனோ போகவில்லை. தினமும் வந்து எடை போடுவான், இலை எண்ணுவான், கதவைச் சாத்திவிட்டு யாரிடமாவது காரணமில்லாமல் சண்டை பிடிப்பான்.

வியாழக்கிழமை நடுப்பகல். சனிக்கிழமை அறுவடை. எந்தப் பக்கமும் இருபது தொட்டிக்குக் குறைந்தால் ஆய்வேடு இல்லை என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். முப்பத்தொன்றாம் தொட்டியில் இலைகள் காகிதம் போல் சுருண்டிருந்தன. அடித்தண்டில் மட்டும் ஒரு தளிர், விரல் நகம் அளவு.

பர்ஹாம் அதை எண்ணினான். ஒன்று. ஏட்டில் எழுதினான். போக எழுந்தவன் போகவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தான். ஏட்டைத் திரும்பத் திறந்து முப்பத்தொன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நீர் ஊற்றப்பட்டது, கணக்கில் சேராது' என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். பிறகு பையிலிருந்த குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்து, மண் அரிக்காமல், உள்ளங்கையில் வாங்கி மெதுவாக விட்டான். மண் சொர்ரென்று உறிஞ்சியது.

முப்பத்தாறும் மோசமாகத்தான் இருந்தது. அதையும் அடித்தான்.