ஆட்டம் எடுத்த கிடார்

சோலைச்சாமியின் லேத்துப் பட்டறையைப் பற்றிக் கோவில்பட்டியில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அங்கே போய்வந்த சாமான் ஆடாது. தீப்பெட்டி ஆபீஸ் மிஷின், பம்புசெட், மாவுமில் சக்கரம், எதுவானாலும் சரி, அரை நூல் அளவுக்கு, இஞ்சில் பொடிப் பங்கு, ஆட்டம் இருந்தால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெஞ்சு ஆடுகிறதென்று, இலையில் சாம்பார் ஊற்றிய பிறகு எழுந்துபோய், ஆப்பு செதுக்கி அடித்துவிட்டு வந்துதான் சாப்பிட்டார். அப்படிப்பட்டவரிடம் கொண்டுபோய்க் கோகுலகிருஷ்ணன் தன் கிடாரைக் கொடுத்தான் பாருங்கள், அவன் புத்தியை என்னவென்று சொல்ல.

அவனைத் திட்டியும் பிரயோசனமில்லை, கழுத்துக்குக் கத்தி வந்த நேரம். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்குப் பண்டல் ஏற்றிவிடும் வேலை. பொழுது சாய்ந்தால் நாதலயா மெல்லிசைக் குழுவில் கிடார். பதினொரு வருஷமாக நோட்டீஸில் அவன் பேர் வந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம் குழு முதலாளி தங்கப்பாண்டியன் ஒரு கீபோர்டு வாங்கி, அக்காள் மகன் அருண்பாண்டியனிடம் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள் வயலின் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது, நாய் குரைக்கிற சத்தம்கூட இருந்தது. கிடாரும் இருந்தது. இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதை உருட்டினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டே கீழே போய் மேலே வரும். அருண்பாண்டியன் எல்லாப் பாட்டிலும் அதை உருட்டினான். சாமி பாட்டையும் விடவில்லை.

"கோகுலு, நான் ஒளிச்சுப் பேசல," என்றார் தங்கப்பாண்டியன். "வேன்ல எடம் பத்தல. பொட்டிக்குள்ளயே கிடார் இருக்கு. டூயட்டுக்கு நடுவுல ஒரு இழுப்பு வருதுல்லா, அத இவன் சக்கரத்துல போடுதான். நீ கிடார்ல போட்டுக் காட்டு, இருந்துக்கோ. பங்குனிப் பொங்கலுக்குப் புதூர்ல புரோகிராம். அங்கன அந்த இழுப்பு வரலைன்னா, பொறவு நோட்டீஸ்ல உன் பேரு கெடையாது."

கோகுலகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி உமாதேவியைப் பெண் கொடுத்ததே அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான். பண்டல் ஏற்றுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? அவள்தான் யோசனை சொன்னாள். "எங்க தம்பி மாதவன் கப்பல்லதான போறான். என்ன சாமான் வேணும்னு சொல்லுங்க, எந்த ஊர்ல இருந்தாலும் வாங்கி அனுப்புவான்."

மாதவன் அனுப்பினான். கனத்த இரும்புத் தட்டு ஒன்று. கிடாரின் அடியில் கம்பிகளைத் தாங்குகிற பாலம் அது. ஆறு கம்பிகளையும் அது அடியில் கவ்விக்கொள்ளும். கழுத்து முனையில் இன்னொரு துண்டு கம்பிகளைப் பூட்டிக்கொள்ளும். ரெண்டு பக்கமும் பூட்டிவிட்டால் என்ன ஆட்டு ஆட்டினாலும் சுருதி கலையாது. தட்டு மட்டும் ரெண்டே ரெண்டு முளையில் தொட்டும் தொடாமலும் நிற்கும். முன்னால் கம்பி இழுக்கும், பின்னால் ஸ்பிரிங் இழுக்கும், நடுவில் அது தராசு மாதிரி மிதக்கும். கைப்பிடியை அமுக்கினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். தங்கப்பாண்டியன் கேட்ட இழுப்பு அதுதான்.

இதை மாட்ட மரத்தைக் குடைய வேண்டும், இரும்பைத் தேய்க்க வேண்டும். ரெண்டும் தெரிந்த ஆள் ஊரில் சோலைச்சாமி ஒருவர்தான். கோகுலகிருஷ்ணன் சாக்பீஸால் கிடாரின் மேல் கோடு போட்டுக் காட்டினான். குழி இங்கன, முளை இங்கன, ஸ்பிரிங் முதுகுப்பக்கம். எல்லாம் சொன்னான். அது ஆட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊஞ்சல் செய்யக் கொடுக்கிறவன் அது ஆட வேண்டும் என்று தனியாகவா சொல்வான்?

அந்த வாரம் முழுக்க ஆபீஸில் லாரி மேல் லாரி. புதூர்ப் புரோகிராம் அன்று மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் அவனால் பட்டறைக்குப் போக முடிந்தது. மூன்று மணிக்கு வேன். சோலைச்சாமி கிடாரைத் துண்டால் துடைத்து நீட்டினார். வாங்கியவனின் தோள் இறங்கியது. முதுகில் ஒரு இரும்புத் தகடு பளபளத்தது.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லுதேன், மனசு கஷ்டப்படாதீரும்," என்றார் சோலைச்சாமி. "ஒம்ம மச்சினன நல்லா ஏமாத்திட்டானுவ. மாட்டிப் பாத்தா தட்டு கிடந்து ஆடுது. அரை நூலு, ஒரு நூலு இல்ல தம்பி, அரை இஞ்சு. எவனோ அவசரத்துல ரெண்டு முளையோட விட்டுட்டான்."

கோகுலகிருஷ்ணன் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, என்ன பண்ணுனீங்க?"

"ஸ்பிரிங்கு துணைக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். நாலு ரிவெட்டு, முதுகுத் தகடு வரைக்கும் எறக்கி அடிச்சு, தலையத் தேச்சுட்டேன். கைப்பிடியும் ஈர்க்குச்சி கணக்கா இருந்துச்சு. டிராக்டர் ஆக்ஸில் இரும்புல கடைஞ்சு போட்டுருக்கேன். இனிமே ஆனை வந்து இழுத்தாலும் அசையாது."

"அது ஆடணும் அண்ணாச்சி. ஆடுறதுக்குத்தான் அது."

சோலைச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. "ஆடுறதுக்குன்னு ஒரு சாமானா? யாருகிட்ட தம்பி கதை விடுதீரு? வெயில்ல லாரி ஏத்தி ஒமக்குக் கிறுகிறுப்பு. வாரும், நானும் புதூருக்கு வாரேன். எப்படிப் பேசுதுன்னு பாப்போம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ரிவெட்டை அறுக்க ஒரு நாள் ஆகும். வேன் வாசலில் ஹாரன் அடித்தது.

புதூரில் ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. நாலாவது பாட்டு அந்த டூயட். கிடாரின் இடம் வந்தது. கோகுலகிருஷ்ணன் கைப்பிடியை அமுக்கினான். ஸ்வரம் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. ரெண்டு கையாலும் அமுக்கினான். ஸ்பீக்கர் பெட்டியில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். அவன்தான் ஆடினான், பாலம் ஆடவில்லை. தங்கப்பாண்டியன் கண்ணைக் காட்டினார். அருண்பாண்டியன் சக்கரத்தை உருட்டினான். பதினொரு வருஷம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவோமோ என்று கோகுலகிருஷ்ணனுக்குப் பயமாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு இளவட்டம் சிரித்தான். "ஏலே, கைப்பிடி துருப்பிடிச்சுட்டுலே."

சோலைச்சாமி எழுந்துவிட்டார். "துருவா? அது சோலைச்சாமி அடிச்ச ரிவெட்டு. ஒடம்புல தெம்பு இருந்தா மேல வந்து அசைச்சுப் பாரு."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புதூரில் இளவட்டங்கள் தோளுக்குமேல் தூக்கிப் பலம் காட்ட ஒரு இளவட்டக்கல் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கோயிலுக்குத் தளம் போட்ட காண்டிராக்டர், ஜல்லி குறைகிறதென்று அதையும் உள்ளே வைத்துப் பூசிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊர் இளவட்டங்களுக்குத் தெம்பைக் காட்ட ஒரு இடமில்லாமல் போயிற்று. சோலைச்சாமி வாயை மூடுமுன் நாற்பது பேர் மேடை ஏறிவிட்டார்கள்.

விழாக் கமிட்டித் தலைவர் அழகிரிசாமி, நூறு ஆட்டுக்குச் சொந்தக்காரர், மைக்கைப் பிடுங்கினார். "வரிசையா வாங்கய்யா. அசைக்கிறவனுக்கு எவர்சில்வர் குடம்." அசைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டார். அதற்கும் அழகிரிசாமியே வழி சொன்னார். "தம்பி கம்பியத் தட்டட்டும். அவன் இழுக்கட்டும். சத்தம் வளைஞ்சா அசைஞ்சது, வளையலைன்னா அசையல. ஊரே கேக்குதுல்லா."

கோகுலகிருஷ்ணன் கிடாரைக் கழுத்தைவிட்டு இறக்க மறுத்துவிட்டான். அவனோடு சேர்த்தே இழுத்தார்கள். அவன் ஒரு கம்பியைத் தட்டுவான், கூட்டம் மூச்சைப் பிடித்துக் காது கொடுக்கும், ஒருவன் பல்லைக் கடித்துத் தொங்குவான், ஸ்வரம் நேராகவே போகும். கூட்டம் விசில் அடிக்கும். அடுத்த ஆள். மேடை மரம் முனகியது. அருண்பாண்டியன் கீபோர்டை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். நாற்பது பேரும் தோற்றார்கள். "அசைக்காதவனுக்கெல்லாம் எப்படிக் குடம் கொடுக்க?" என்று அழகிரிசாமி அதைச் சோலைச்சாமியிடமே கொடுத்துவிட்டார்.

மறுவாரமே எட்டயபுரத்துப் பக்கமிருந்து ஆள் வந்தது. பாட்டு எப்படியும் இருக்கட்டும், அந்தக் கிடார் வருமா என்று கேட்டார்கள். தங்கப்பாண்டியனுக்குச் சொல்லவா வேண்டும், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிற மனுஷன். புது நோட்டீஸில் முதல் வரியில், கொட்டை எழுத்தில், 'எவராலும் அசைக்க முடியாத கிடார் – கோகுலகிருஷ்ணன்' என்று போட்டார். கீபோர்டு கடைசி வரிக்குப் போயிற்று. உமாதேவி ஒரு நோட்டீஸைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து, பிய்ந்து நின்ற ஓரத்தை அவனும் அழுத்தி ஒட்டினான்.

ஆவணி வரைக்கும் பதினேழு ஊர். ஐந்நூறு பேருக்குமேல் இழுத்துவிட்டார்கள். அவன் ஒரு பாட்டு வாசிக்கவில்லை. வாசித்தால் கம்பி அறுந்துவிடும் என்று தங்கப்பாண்டியன் விடவில்லை. மேடையில் நின்று ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்டுவதுதான் வேலை. தோளில் தழும்பு விழுந்தது. விரல் நுனியில் பதினொரு வருஷமாக இருந்த காய்ப்பு உதிர்ந்துபோனது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

ஆவணிக் கடைசியில் மறுபடி எட்டயபுரத்தில் நடந்த புரோகிராமில் தையல் டீச்சர் சுதாராணி, கூட வந்தவர்கள் உசுப்பிவிட, சிரித்துக்கொண்டே மேடை ஏறினாள். ஒல்லியான பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சும்மா ஒரு அமுக்கு அமுக்கினாள். அவன் தட்டிய ஸ்வரம் மயிரிழை வளைந்தது. சட்டென்று உள்ளங்கையால் கம்பியை மூடினான். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. டீச்சரும் சிரித்தபடி இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிடாரை எடுத்து உட்கார்ந்தான். கைப்பிடியை அமுக்கினான். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. விட்டான். திரும்பி வந்து அதே இடத்தில், அதே சுருதியில் நின்றது. ஐந்நூறு பேர் இழுத்ததில் ரிவெட்டெல்லாம் தளர்ந்து, சோலைச்சாமி துணைக்கு விட்டுவைத்த ஸ்பிரிங் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. டூயட்டின் அந்த இடத்தை வாசித்தான். அவன் கேட்டதெல்லாம் வந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

உமாதேவி பால் செம்போடு வந்து நின்றாள். "இதுதானா அந்த இழுப்பு?"

"இதுதான்."

"நல்லாத்தான் இருக்கு." செம்பைக் கீழே வைத்தாள். "ஆடுதுன்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழம கழுகுமலைப் புரோகிராமுக்கு எப்படி?"

அவன் சுவரைப் பார்த்தான். கொட்டை எழுத்தில் அவன் பேர் இருந்தது.

பட்டறையில் சோலைச்சாமி தட்டில் விரலை வைத்த உடனே முகம் கறுத்தார். "ஆட்டம் வந்துருக்கே தம்பி. ஒண்ணே கால் நூலு இருக்கும். எவன்லே இத அசைச்சது?"

"தெரியல அண்ணாச்சி."

"நல்லவேளை, வெளிய தெரியுமுன்ன வந்தீரு. ரிவெட்ட எடுத்துட்டு வெல்டே வச்சுருதேன். இரும், ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்."

பத்து நிமிஷம் இருந்தது. கோகுலகிருஷ்ணன் கிடாரை மடியில் வைத்து, அந்த இடத்தை ஆறு தடவை வாசித்தான். கரண்டில் மாட்டாமல், ஸ்பீக்கர் இல்லாமல், லேத்து ஓடுகிற சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்டது. ஏழாவது தடவை தொடங்கும்போது சோலைச்சாமி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வெல்டு வைத்து, ஆறவைத்து, துண்டால் துடைத்துக் கொடுத்தார். "இழுத்துப் பாரும்."

கோகுலகிருஷ்ணன் பலம் கொண்ட மட்டும் இழுத்தான்.

"அசையல அண்ணாச்சி," என்றான்.