பில்ட் ஓடும் அறை

கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுவது மட்டக்களப்பு வழக்கம். அதை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. நிலோஜனும் அப்படித்தான் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பெட்டியும் லெப்டொப்பும் எடுத்துக்கொண்டு கல்லடிக்கு வந்து சேர்ந்தான். மாமனார் வினாயகமூர்த்தி நல்ல மனிதர். அதுதான் தொல்லை. நல்ல மனிதர்கள் ஒருவனைத் தனியாகச் சாப்பிடவும் விடமாட்டார்கள், தனியாகச் சும்மா இருக்கவும் விடமாட்டார்கள்.

அவனைக் காப்பாற்றியது பில்ட். பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை அவனும் சில நண்பர்களும் அவரவர் ஊரிலிருந்து எழுதி வந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். பகலில் ஆளாளுக்குத் திருத்தியதை இரவில் ஒன்றுசேர்த்து, ஓடுகிறதா என்று பார்த்து, சோதிப்பவர்களின் போனுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் பில்ட். அது நிலோஜனின் பொறுப்பு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் முன்னறைக் கதவைச் சாத்திவிடுவான். மாமனார் மரியாதையாக டிவியின் சத்தத்தைக் குறைப்பார். உண்மையில் அது கொஞ்ச நேர வேலைதான். மீதி நேரம் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பான். அந்தச் சும்மாவுக்காகத்தான் பகல் முழுவதும் நல்ல மருமகனாக இருந்தான்.

குழுவிலிருந்த ஏறாவூர் றுமைஸுக்கு இது பொறுக்கவில்லை. இந்தக் காலத்திலும் இதைக் கையால் செய்வதா, நேரம் வந்ததும் சேர்வர் கணினி தானாகச் செய்யட்டும் என்றான். கையால் செய்தால்தான் பிழை கண்ணில் படும் என்று நிலோஜன் சாக்குச் சொன்னான். றுமைஸ் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து, அதற்கான நிரலை எழுதியே முடித்துவிட்டான். எல்லோரும் பாராட்டினார்கள். நிலோஜனும் பாராட்டினான், வேறு வழியில்லாமல்.

வீட்டில் இதைப்பற்றி அவன் மூச்சுவிடவில்லை. சேர்வர் தன் வேலையைப் பார்க்க, இவன் வழக்கம்போலக் கதவைச் சாத்திக் காலை நீட்டினான்.

சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்காகக் குடும்பமே பாசிக்குடா போய் ஓர் இரவு தங்கியபோது குட்டு உடைந்தது. அவன் மனைவி மேனுகாவும் செயலியைச் சோதிப்பவர்களில் ஒருத்தி. காலையில் கடற்கரையில் நின்றபோது அவளுடைய போனுக்குப் புதிய பதிப்பு வந்து விழுந்தது.

"லெப்டொப் வீட்டதானே கிடக்கு. ராவு பில்ட் ஆர் ஓட்டின?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெட்கமாக இருந்தது. அறை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மேனுகா சிரிக்கவில்லை.

"அது நான் பொறந்த வீடு. அங்க இண்டைக்கு வரைக்கும் ஒரு கதவச் சாத்திட்டு இருக்க எனக்கு ஏலல்ல. சாத்தினா, என்ன சுகமில்லயா எண்டு அம்மா வந்து தட்டுவா. உங்களுக்கு வந்த உடனே கிடைச்சிட்டு."



வீடு திரும்பியதும், தானும் பில்ட் பழகப்போவதாகவும் ஒருநாள் விட்டு ஒருநாள் தன் முறை என்றும் மேனுகா தாயிடம் அறிவித்தாள். முதல் நாள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிலோஜன் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். டிவியில் நாடகம் தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் மாமி அன்னப்பூரணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள்.

"மாமி, இஞ்ச வாங்க," என்றான் நிலோஜன். "இந்த நாடகத்துல இவ ஆருட மகள்?"

மாமி திரும்பி வந்து உட்கார்ந்து, கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் கடைசிவரை கேட்டான்.