ஒலிப்பதிவில் ஒரு அக்கா

அந்த விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். கட்டுப்பாட்டு அறைகள் இரண்டு. பயணிகள் விமானங்களுக்கு வழி சொல்லும் அறையில் அக்கா வேலை பார்த்தாள். போர் விமானங்களைக் கவனிக்கும் விமானப்படை அறையில் தம்பி. இரண்டு அறைகளுக்கும் நடுவே நேரடித் தொலைபேசி உண்டு. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி அப்பாவைத் தன் குடியிருப்புக்கு அழைத்துப் போய்விட்டான். படியேற முடியாத மனிதரை அக்காவின் மாடி வீட்டில் எப்படி விட்டுவைப்பது என்பது அவன் நியாயம். என்னைக் கேட்டிருக்கலாமே என்பது அவளுடையது. ஆனால் வேலையில் பேசித்தானே ஆக வேண்டும்? அப்போது முன்பின் தெரியாதவர்களைப் போல அத்தனை மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்க வந்த பயணிகள் விமானத்துக்கு முன்னால் இடிமேகம் சுவர்போல நின்றது. சுற்றிப் போக மிஞ்சியிருந்த ஒரே பக்கம் விமானப்படையின் பயிற்சிப் பகுதி. அங்கே இரண்டு போர் விமானங்கள் கரணம் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா தொலைபேசியை எடுத்து, அந்த வழியாக விமானத்தை அனுப்ப அனுமதி கேட்டாள். குரல் நடுங்கவில்லை. ஆனால் அவள் மூச்சு விட்ட விதம் தம்பிக்குத் தெரியும்.

அவன் தன் விமானங்களை வடக்கே ஒதுக்கினான். அவை விலகியதைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வழி விட்டாச்சு. பயப்படாதக்கா, அனுப்பு."

விமானம் பத்திரமாக இறங்கியது.

அடுத்த வாரம் இருதரப்பு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். விமானப்படைத் தளபதி அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். தம்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலையில் குறையே இல்லை, உறவுமுறை மட்டும் இனி வேண்டாம் என்றார் தளபதி, சிரிப்பை மென்று விழுங்கியபடி.

வெளியே வந்ததும் அக்காதான் முதலில் வாய்திறந்தாள். "அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறாரா?"

"நீயே வந்து கேளேன். நான் சொன்னா எங்க கேக்கறாரு?"

அன்றே அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள். கதவைத் திறந்த அப்பா, மகளைக் கண்டதும் மகனுடைய சமையலைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள்.