கேட்டுக்கு வெளியே சண்டை

மைசூர் சரஸ்வதிபுரத்தில் இரண்டு பக்கமும் புங்கமரம் நிற்கும் அந்தத் தெருவில் நஞ்சுண்டசாமியும் சர்வமங்களாவும் தினமும் சாயங்காலம் நடப்பது உடம்புக்காக அல்ல, சண்டைக்காக. வீடு சின்னது. நஞ்சுண்டசாமியின் அம்மாவுக்குப் பாம்புக் காது. டம்ளர் வைக்கிற சத்தத்திலேயே யாருக்கு யார்மேல் கோபம் என்று சொல்லிவிடுவார். அதனால் கல்யாணமான புதிதிலேயே ஓர் ஏற்பாடு. கேட்டுக்குள் ஒரு வார்த்தை கூடாது. விளக்கேற்றிவிட்டுச் செருப்பை மாட்டினால் கணபதி கோயில் வரை சண்டை, திரும்பும்போது சமாதானம். மேடு பள்ளம் இல்லாத நிழல் பாதை. மூச்சு வாங்காமல் கத்தலாம்.

இந்தத் தசராவோடு அது நின்றுபோயிற்று. பண்டிகைக்கு வந்த தங்கை கிரிஜாவிடம், அவள் மகள் காலேஜ் முடிக்கும் வரை மாடி அறையில் தங்கலாம் என்று எல்லார் முன்னாலும் பெரிய மனுஷன் தோரணையில் வாக்குக் கொடுத்துவிட்டார் நஞ்சுண்டசாமி. அந்த அறைக்குத்தான் சர்வமங்களா வெள்ளையடித்து, கரும்பலகை மாட்டி, கணக்கு டியூஷன் தொடங்க நாள் பார்த்து வைத்திருந்தாள். அன்று நடையில் இடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டே போனார். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஆகட்டும், விடுங்க."

அன்றிலிருந்து எதற்கும் அதே பதில். தப்பித்தோம் என்று முதலில் சந்தோஷப்பட்டார். மனுஷருக்கு அவ்வளவுதான் புத்தி. போகப்போகத்தான் பயம் பிடித்துக்கொண்டது. எப்படியாவது அவள் வாயைக் கிளற வேண்டும் என்று இன்று முடிவோடு வந்திருந்தார்.

"கேஸ் புக் பண்ண மறந்துட்டேன்" என்றார், மறக்காமலேயே.

"ஆகட்டும், விடுங்க."

"காலையில உப்புமாவுல உப்பு ஜாஸ்தி."

"நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."

அந்த நேரம் பார்த்து, வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பழைய பஸ் கண்டக்டர் ரேவண்ணா குரல் கொடுத்தார்.

"என்ன சாமி, தெரு இப்படி ஓஞ்சு கிடக்கு? உங்க சண்டையைக் கேட்டாத்தான் எங்க வீட்ல சோறே இறங்கும். அந்த ஃப்ரிட்ஜ் விஷயம் என்னதான் ஆச்சு? என் சம்சாரம் உங்க வீட்டம்மா கட்சி, நான் உங்க கட்சி!"

அம்மாவின் காதுக்கு ஒளித்துத் தெரு முழுக்க ஒலிபரப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழைய சர்வமங்களாவாக இருந்தால் ரேவண்ணாவை அங்கேயே நார்நாராகக் கிழித்திருப்பாள். இன்று லேசாகச் சிரித்துவிட்டு மேலே நடந்தாள்.

கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவளாகவே பேசினாள். "நாளன்னைக்கு சிவமொக்கா போறேன். அக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவே?"

"பார்க்கலாம்."

திரும்புகிற நாளைச் சொல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. இவள் போனால் வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அங்கேயே மரத்தடியில் நின்று போனை எடுத்தார்.

"கிரிஜா, மாடி ரூம் கிடையாதும்மா. உங்க அண்ணிக்கு வேணும். நான் கேக்காம சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்." தங்கை வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டு, பரிசு வாங்க நிற்கும் பிள்ளையைப் போல மனைவியைப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"சொல்லிட்டேனே, ரூம் உனக்குத்தான்னு..."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

மரத்திலிருந்த காக்கைகள் அலறியடித்துக்கொண்டு எழுந்தன.

"குடுக்கும்போதும் என்னைக் கேக்கல, பிடுங்கும்போதும் என்னைக் கேக்கல! அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கா! நடுவுல ஒரு தடுப்புப் போட்டா அவளுக்கும் ஆச்சு, என் டியூஷனுக்கும் ஆச்சு. என்னைக்காவது 'நீ என்ன நினைக்கிறே'ன்னு கேட்டிருக்கீங்களா? எப்பவும் நான் கத்தணும், அப்பத்தான் உங்களுக்குக் காது கேக்கும். இந்தத் தடவை கத்தக் கூடாது, அவரா கேக்கட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா, அப்பவும் கேக்கலியே!"

நஞ்சுண்டசாமிக்கு அப்பாடா என்றிருந்தது. தசராவிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் முழுக்க இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

"சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது! போனைக் குடுங்க, கிரிஜாகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினாள். இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டு அவரைத் திட்டித் தீர்த்தபின் விஷயம் சுலபமாக முடிந்தது. போனைத் திருப்பி வாங்கியவர், மெதுவாகக் கேட்டார்.

"தடுப்பைப் பலகையில போடலாமா, திரைச்சீலை போதுமா? நீ என்ன நினைக்கிறே, மங்களா?"

பலகைதான் என்று ஆரம்பித்தவள், பலகையிலிருந்து அவர் தங்கைக்கும், தங்கையிலிருந்து அவர் வம்சத்துக்கும் போய்விட்டாள். அதற்குள் வீட்டு கேட் வந்துவிட்டது. அவர் கொக்கியில் கை வைத்தார்.

"எங்கே உள்ளே போறீங்க? திரும்புங்க."

"அப்ப சிவமொக்கா?"

"சண்டை பாதியில நிக்கும்போது எவளாவது ஊருக்குப் போவாளா?"