நடுவில் தேய்ந்த விரிப்புகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரத்தை ஓட்டுபவருக்கும், அடுத்த அறையில் கிழிந்த துணிகளைத் தைக்கும் அம்மாளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் சம்பந்திகள். சலவைக்காரரின் மகளைத்தான் தையலம்மாளின் மகன் கட்டியிருந்தான். கல்யாணத்தன்று உட்கார ஒரு நாற்காலி கூடத் தனக்குப் போடவில்லை என்பது அம்மாளின் மனத்தாங்கல். மகளும் மருமகனும் சந்தோஷமாகவே இருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கழித்துக்கட்டிய படுக்கை விரிப்புகளை வெள்ளிக்கிழமைதோறும் வண்டியில் ஏற்றி எரியுலைக்குத் தள்ளிப்போவது சலவைக்காரரின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை உலை பழுதாகிக் கிடந்தது. காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நோயாளியின் முதுகும் இடுப்பும் அழுந்தும் நடுப்பகுதி சல்லடையாகியிருந்தது. இரண்டு ஓரங்களும் நேற்று வாங்கியது போல் கெட்டியாக இருந்தன. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. இருபது விரிப்பைப் பிரித்துப் பார்த்தார்; எல்லாம் அப்படித்தான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே தையலறை வாசலில் போய் நின்றார்.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம்."

அம்மாள் தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை. "வழி தவறி வந்துட்டீங்களா?"

"இதப் பாருங்க. நடுவுல மட்டும்தான் போயிருக்கு. ரெண்டு ஓரத்தையும் வெட்டி ஒண்ணா மூட்டினா இன்னொரு விரிப்பு கிடைக்குமே."

அம்மாள் துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். "வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் ஆறு விரிப்புகள் தயார். தலைமை நர்சான மேட்ரனிடம் கேட்டு ஆண்கள் வார்டில் விரித்தார்கள். திங்கட்கிழமை ஆறும் திரும்பி வந்தன. நடுவில் ஓடிய தையல் முதுகை உறுத்துகிறது என்று நோயாளிகள் புகார் சொல்லியிருந்தார்கள். சலவைக்காரர் நம்பவில்லை. துணி மடிக்கும் மேசையில் ஒன்றை விரித்துத் தானே படுத்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"நெஜம்தான். கயித்து மேல படுத்த மாதிரி இருக்கு. உங்க உழைப்ப வீணாக்கிட்டேன்."

தையலைக் குறை சொல்வார் என்று எண்ணி நாலு வார்த்தை தயாராக வைத்திருந்த அம்மாளுக்கு அதை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

"படுக்கத்தானே உறுத்துது?" என்றாள். "மூட்டவே வேண்டாத சின்ன சாமானா வெட்டினா என்ன? பிரசவ வார்டுல குழந்தையச் சுத்தத் துணி பத்தலன்னு நர்சுங்க தினம் வந்து நிக்கிறாங்க. பழசு புதுச விட மெத்துன்னு இருக்கும்."

"கை முறிஞ்சவங்க கழுத்துல கட்டித் தொங்கவிடுவாங்களே, அது?"

"முக்கோணமா வெட்டினா அதுவும் ஆச்சு."

மேட்ரன் லேசில் மசியவில்லை. கொதிநீரில் அலசி, கிருமி இல்லை என்று பரிசோதனைக்கூடத்தில் எழுதி வாங்காமல் எந்தக் குழந்தை மேலும் படக்கூடாது என்றார். சலவைக்காரர் மூன்று வாரம் அலைந்து அந்தக் காகிதத்தை வாங்கினார். முதல் துணியில் சுற்றிய குழந்தையைப் பார்க்க இருவரும் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண் குழந்தை, கன்னம் துணியில் அழுந்த அசந்து தூங்கியது. சலவைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

தேய்ந்த நடுப்பகுதிகளையும் விடவில்லை. அவை தரை துடைக்கப் போயின. கறை போகவே போகாதவை மட்டும் உலைக்குப் போனதால், வாரம் ஒரு வண்டி என்பது மாதம் ஒரு வண்டியானது.

மேட்ரன் ஒரு நாள் தையலறைக்கு வந்தார். "இது யாரோட யோசனை?"

"சம்பந்தியம்மாவோடது" என்றார் சலவைக்காரர்.

"மொத யோசனை அவரோடது" என்றாள் அம்மாள். "உருப்பட்டது என்னோடது."

மேட்ரன் சிரித்துவிட்டு, இன்னொரு தையல் இயந்திரத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்லிப் போனார். அம்மாள் துணியை மடித்தபடியே கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வீட்டுக்கு வர்றாங்க. நீங்களும் வர்றீங்களா?"