பருப்புத் தூக்கும் சம்பள உயர்வும்

சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் சமையல் வகுப்பு வைக்கிற புத்திசாலிகளை ஊசியக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. அவள் இஸ்திரிப் பகுதி. வாயைத் திறந்தால் குத்துவாள் என்பதால் ஊசியக்கா என்று பெயர். மேனேஜரிடம் பேசப் போனபோது பெண்கள் அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள். "இந்தச் சம்பளத்துல மத்தியானச் சாப்பாடுகூட ஒழுங்கா சாப்பிட முடியல சார்" என்று அவளும் கண்ணில் தண்ணீர் வராத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். யோசிக்கிறேன் என்றார் அவர்.

அவளுக்கு அந்தச் சம்பள உயர்வு கிடைத்தே ஆகவேண்டும். சலவைக்கூடம் விட்டதும் இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. சம்பளம் கூடினால் அந்த வீட்டுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, சாயங்காலம் காலை நீட்டி உட்காரலாம்.

மேனேஜர் யோசித்த லட்சணம், தன் மருமகளைக் கூட்டிவந்து நிறுத்தியதுதான். சத்துணவு பற்றி ஏதோ படித்தவளாம். மடிப்புக் கலையாத புது ஏப்ரன், ஒரு மின்னடுப்பு, கத்தரிக்காயைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு பேச்சு. சிக்கனமாகச் சமைத்து வேலைக்கு எடுத்து வருவது எப்படி என்று, பிறந்ததிலிருந்து சிக்கனத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்களுக்குச் சொல்லித்தர வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கும்போது அஞ்சு நாளைக்கும் சமைச்சு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க."

ஞாயிறன்றுதான் மூட்டைகள் அதிகம் வரும். ஒருத்திக்கும் லீவு கிடையாது.

"ஃப்ரீசருக்கு எங்க போறது மேடம்?" என்றாள் ஊசியக்கா. "எங்க வீட்டு ஜன்னல்ல ஐஸா காய்க்குது?"

பெண்கள் விரிப்பில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் அவளுடைய ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, சும்மா இரு. தலையாட்டிட்டுப் போயிடலாம்" என்று முழங்கையால் இடித்தாள்.

ஊசியக்கா சும்மா இருக்கப் பிறந்தவளா? மருமகள் வெங்காயத்தை நறுக்கிய அழகில் பாதி தரையில் கிடந்தது. பருப்பு வேகுமுன்னே இறக்கிவிட்டாள். மேலே தண்ணீர் ஒரு பக்கம், அடியில் பருப்பு ஒரு பக்கம், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்ட வீடு மாதிரி இருந்தது. அதைப் போய் மேனேஜர் "பிரமாதம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்குப் பிரமாதமாம்! வெந்நீர் வைக்கத் தெரியாதவள் எனக்கு வாத்தியாராம்!

விறுவிறுவென்று இஸ்திரிப் பகுதிக்குப் போனாள். அங்கே நீராவிக் குழாய் சுவரை ஒட்டி வளையும் இடத்தில், அவளும் ஓரகத்தியும் இன்னும் இரண்டு பேரும் தினமும் ஒரு தூக்கை வைப்பார்கள். ஒருத்தி பருப்பு, ஒருத்தி உருளைக்கிழங்கு, ஒருத்தி முட்டைக்கோஸ், ஊசியக்கா கைப்பக்குவம். காலையில் வைத்தால் சாப்பாட்டு மணிக்குள் குழையக் குழைய வெந்திருக்கும். விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

துணியால் பிடித்துத் தூக்கி வந்து மேசையில் டொக்கென்று வைத்து மூடியைத் திறந்தாள். பூண்டு வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"இதச் சாப்பிட்டுப் பாருங்க மேடம். அப்புறம் சொல்லித் தாங்க."

மருமகள் ஒரு வாய் வைத்தாள், கண் விரிந்தது. மேனேஜர் ஒரு கரண்டி என்று ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. "அருமை! இதுக்கு எவ்ளோ ஆகும்?"

ஓரகத்தி அவள் காலை மிதித்தாள். ஊசியக்காவுக்கு அது உறைக்கவே இல்லை. அத்தனை பேர் நடுவில் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிக்கெட் காசுகூட ஆகாது சார். நாலு பேரு வயிறு முட்ட சாப்பிடுவோம். அதுவும் தினமும்!"

மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில்லன்னு அன்னிக்கு நீங்கதான் வந்து அழுதீங்க. இன்னிக்கு வயிறு முட்ட சாப்பிடறோம்னும் நீங்கதான் சொல்றீங்க. இதத்தான் நானும் முதலாளிகிட்ட சொல்லப்போறேன். சம்பளம் பத்தலங்கறதெல்லாம் பிரச்சினையே இல்ல, சமைக்கிற விதம்தான். எல்லாரும் அக்காகிட்ட கத்துக்குங்க."

மருமகள் கை தட்டினாள். வேறு ஒருவரும் தட்டவில்லை.

ஊசியக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சம்பளம் சோற்றுக்கு மட்டுமா, வாடகை இல்லையா, மருந்து இல்லையா என்று கேட்க ஆயிரம் இருந்தது. அவர் அதற்குள் மருமகளின் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டிவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. நாலு பேரும் தூக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. அந்த மருமகள் மேல்கூட அவ்வளவு வரவில்லை.

ஓரகத்தி விரலால் தூக்கின் அடியை வழித்து நக்கினாள். "இன்னிக்கு ஒரு நாளாவது இது தீஞ்சு போயிருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.